பாலத்துக்கு முந்தின ஸ்டாப்

அக்டோபர் 6, திங்கள்

காலை நல்ல வெயில். மூன்று மணிக்கு இடி. துலா மழை சொல்லிவைத்த மாதிரி வருகிறது. மாடியில் காயப்போட்ட மிளகாய் வற்றலை மறந்து தூங்கிவிட்டேன். பாதி நனைந்து போச்சு. ல.விடம் இன்னும் சொல்லவில்லை.

ல. என்றால் லலிதா, என் மனைவி. யாருக்காக இதை விளக்குகிறேன், தெரியவில்லை. ல.வால் இந்த நோட்டைப் படிக்க முடியாது. கண் மங்க ஆரம்பித்து மூன்று வருஷம், இப்போது வெளிச்சமும் ஆள் நிழலும் மட்டும். பெண் சௌம்யாவுக்குத் தமிழ் பேச வரும், எழுத்து தெரியாது. இங்கே பள்ளிக்கூடத்தில் மலையாளமும் ஹிந்தியும்தானே. எங்கள் பேட்டையான இந்தக் கரமனையிலேயே பத்திரமான நோட்டு இதுதான். பீரோவில் பூட்டக்கூட வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். பஸ் ஸ்டாப்பில் புது ஷெல்டர். ஒரு நகைக்கடை ஓசியில் கட்டிக் கொடுத்தது. நேற்று ரிப்பன் வெட்டினார்கள். உட்கார ஒரு ஒல்லிக் குழாய், மீதி இடமெல்லாம் கல்யாணப் பெண் படம். போதாததற்கு ஒரு ஸ்பீக்கர். காலை ஏழு முதல் ஒரு பொம்பளை கத்துகிறாள்: "சேச்சீ! பொன்னு எடுக்கான் நல்ல திவசம் ஏதா? இன்னு! இன்னு தன்னெ!" அதாவது, அக்கா, நகை எடுக்க நல்ல நாள் எது, இன்றேதான். பிறகு ஒரு சிரிப்பு. பிறகு செண்டை மேளம். பத்து விநாடி சும்மா. மறுபடி சேச்சீ.

ல. சாயங்காலம் முழங்காலில் சிராய்ப்போடு வந்தாள். புடவை ஓரம் சேறு. பஸ் நகர ஆரம்பித்த பிறகுதான் ஸ்டாப் என்று தெரிந்ததாம், அவசரமாக இறங்கியதில் தடுக்கியிருக்கிறது. எப்போதும் ஸ்டாப்புக்குப் பக்கத்து மாவு மில்தான் அவளுக்கு அடையாளம். அந்தக் கடகடாவும் மல்லிப்பொடி வாசனையும். இன்று அந்தச் சிரிப்புக்காரி மில்லையே விழுங்கிவிட்டாள்.

டெட்டால் போட்டேன். "ஒண்ணுமில்லை, வெறுதே சீன் பண்ணாதேங்கோ" என்றாள். ஸ்டாப் போனால் அடுத்தது பாலம். பாலத்தைத் தாண்டினால் நீறமண்கரை, நாலு வரிசை வண்டி போகிற ரோடு.

மிளகாய் வற்றல் விஷயம் நாளைக்குச் சொல்லலாம்.

அக்டோபர் 7, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

ல. கோட்டைக்குள் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். வரும் மார்ச்சோடு ஓய்வு. பத்தாம் வகுப்பு. பிள்ளைகள் போர்டில் எழுதிக்கொண்டே உரக்கச் சொல்ல வேண்டும், இவள் கேட்டுக்கொண்டே இருந்து, "மூணாவது ஸ்டெப்பில் மைனஸை முழுங்கிட்டே" என்பாள். புத்தகம் முழுக்க மனப்பாடம். காலையில் அடுத்த தெரு பிந்து டீச்சர் கூடப் போவாள். சாயங்காலம் பிந்துவுக்கு ட்யூஷன். அதனால் வரும்போது ல. தனி. 4.50க்கு நம் ஸ்டாப்புக்கு வருகிற பஸ்.

நான் ஸ்டாப்புக்குப் போகக்கூடாது. இது சட்டம். ஜூனில் ஒரு வாரம் போய் நின்றேன். பஸ்ஸில் இருந்த பிள்ளைகள் பார்த்துவிட்டன. "எல்.கே.ஜி. குட்டியைக் கூட்டிண்டு போற மாதிரி நிக்கறேள். இன்னும் ஒன்பது மாசம்தான் இருக்கு. அது வரைக்கும் நான் நானா போயிட்டு வரேனே" என்றாள். அன்றிலிருந்து 4.45க்கு வாசல் செம்பருத்திக்குத் தண்ணீர் விடுகிறேன். மழை பெய்தாலும். எதிர்வீட்டுக்காரர் பார்த்துச் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

கண்டக்டரிடம் சொல்லி வைக்கலாமே என்றேன். "தினம் ஒரு புது ஆளு. தினம் எனக்குக் கண்ணு தெரியாதுன்னு ஆரம்பத்துலேர்ந்து சொல்லணும்" என்றாள்.

இன்றைக்கு 4.58க்கு வந்தாள். விழவில்லை. முகம் மட்டும் வெளிறியிருந்தது.

அக்டோபர் 9, வியாழன்

காய்கறி: சேனை, வாழைக்காய், பச்சைமிளகாய் (நாட்டு), கறிவேப்பிலை சும்மா கொடுத்தான்.

முப்பத்திரண்டு வருஷம் அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்தவன் நான். எழுத்து கண்ணில் பட்டால் படித்தே ஆக வேண்டும் என்கிற வியாதி. இன்று வாசலிலிருந்து சந்தைக்குப் போவதற்குள் படிக்க நேர்ந்தது:

எங்கள் வீட்டு நம்பர் பலகை. நம்பர் சின்னது, பெயிண்ட் கம்பெனி பெரியது.
மின்கம்பத்தில் மூலத்துக்கு மருந்து.
அதே கம்பத்தில் அரசுப் பரீட்சைக் கோச்சிங்.
ஆட்டோ முதுகில் குழந்தைப் பேறு கிளினிக்.
ஆற்றங்கரைப் படித்துறை பெஞ்சில் டைல்ஸ்.
பால் கவரில் ஒரு பள்ளிக்கூடம்.
இரங்கல் போஸ்டர். அடியில் ஒட்டியவர்: ஃப்ளெக்ஸ் பிரிண்டிங், போன் நம்பரோடு.

ல.விடம் இதை ஒப்பித்தபோது விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்களுக்குக் கண்ணு இருக்கறதுதான் கஷ்டம் கேட்டேளா" என்றாள்.

அசோசியேஷன் செக்ரட்டரி சசியைப் பார்த்து ஸ்பீக்கர் விஷயம் சொன்னேன். "சாரே, ஷெல்டர் ஃப்ரீயா கிட்டியதல்லே. கொறச்சு சத்தமொக்கெ சகிக்கணும்." ஓசி ஷெல்டர், சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டுமாம். நான் இரண்டு வார்த்தை கடுமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். வரும் வழியில் அதைவிட நல்ல வார்த்தைகள் நாலு தோன்றின.

அக்டோபர் 11, சனி

கண் ஆஸ்பத்திரி. ஆறு மாதத்துக்கு ஒரு முறை போவது. டாக்டர் பெண் நல்லவள், பொய் சொல்வதில்லை. இருக்கிற வெளிச்சம் எத்தனை நாள் என்று அவளாலும் சொல்ல முடியவில்லை.

காத்திருந்த ஹாலில் பெரிய டிவி. கண்ணாடி ஃப்ரேம் விளம்பரம். வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியவே தெரியாது. மீதிப் பேருக்குக் கண்ணில் மருந்து. டோக்கன் சீட்டின் பின்னால் பிரியாணிக் கடை.

ல. என் உள்ளங்கையில் விரலால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். என்ன என்றேன். ஈக்வேஷன். "திங்கக்கிழமை ஒரு குட்டிக்கு விளங்காத கணக்கு. வேற வழி இருக்கான்னு பாக்கறேன்." டாக்டர் கூப்பிடும் வரை கையை எடுக்கவில்லை. நானும் அசையவில்லை.

வீட்டுக்கு வந்து மனு எழுதினேன். கவுன்சிலருக்கு. மலையாளத்தில், ஒன்றரைப் பக்கம். ஒரு பிழை கிடையாது. சத்தம், வயதானவர்கள், படிக்கிற பிள்ளைகள் எல்லாம் எழுதியும் வலு போதாத மாதிரி இருந்தது. கடைசியில் சேர்த்தேன்: "பார்வையற்ற என் மனைவி இந்த இரைச்சலால் தன் ஸ்டாப்பை அறிய முடியாமல் தினமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குகிறாள்." இந்த வரி வந்ததும் மனு நிமிர்ந்து நின்றது.

ல. உள்ளே இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். வாசித்துக் காட்டவில்லை. வீணாக எதற்கு அவளைச் சங்கடப்படுத்த வேண்டும்?

அக்டோபர் 14, செவ்வாய்

மழை. கையெழுத்து வாங்க இரண்டு தெரு அலைந்தேன். இருபத்தி மூன்று கிடைத்தது. மாவு மில்காரர் முதல் ஆள். "சாரே, எனக்கு இப்ப வீட்டுலயும் சேச்சீன்னு கேக்குது" என்றார் தென்காசித் தமிழில்.

கவுன்சிலர் அம்மாள் மனுவை முழுக்கப் படித்தாள். கடைசி வரியில் கண் நின்றது. "கஷ்டம்" என்றாள். தேர்தல் வரப் போகிறது, நடக்கும் என்று தோன்றுகிறது.

ல. 4.53.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. விடியுமுன் எண்ணெய் ஸ்நானம். ல. என் தலையில் எண்ணெய் வைத்தாள். வழுக்கை இருக்கும் இடமெல்லாம் அவள் விரலுக்கு நன்றாகத் தெரிகிறது. தீபாவளி மருந்து கிளறியது அவள், சுக்கு இடித்தது நான். இனிப்புக்கு உக்காரை, உதிரி உதிரியாக வந்திருக்கிறது.

பேப்பரில் முதல் நாலு பக்கம் விளம்பரம், செய்தி ஐந்தாம் பக்கம். எடிட்டர் என்று ஒருவர் இருக்கிறாரா?

சௌம்யா கொச்சியிலிருந்து வீடியோவில் வந்தாள். "அம்மா, இனி ஆட்டோல போயிட்டு வா. பஸ் வேண்டாம் ப்ளீஸ்." ல. சிரித்து மழுப்பினாள்.

மத்தியானம் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தபோது ல. கேட்டாள், அந்த ஷெல்டரில் என்ன படம் போட்டிருக்கிறார்கள் என்று. சொன்னேன். ஒரு பெண், இருபது வயது இருக்கும், கழுத்திலிருந்து இடுப்பு வரை தங்கம், அதற்கு மேலே ஒரு ஒட்டியாணம், நெற்றிச் சுட்டி. "சிரிக்கறாளா?" சிரிக்கிறாள் என்றேன். "பாவம், கழுத்து வலிக்கும்" என்றாள். கல்யாணத்தன்று அவளுக்கு வலித்ததாம், இரவல் நகை. முப்பத்தொரு வருஷம் கழித்துச் சொல்கிறாள்.

அக்டோபர் 23, வியாழன்

இன்று ஒரு அநியாயம். ல. கீரை ஆய்ந்துகொண்டே அந்தச் செண்டை மெட்டை முணுமுணுக்கிறாள்! நடுவில் "இன்னு தன்னெ" வேறு. எனக்கு வந்ததே கோபம். "உன்னையும் பிடிச்சுடுத்தா அந்தப் பிசாசு?" என்றேன். "நல்ல குரல்தானே, தெளிவா பேசறா" என்றாள்.

இப்படித்தான் உள்ளே நுழைகிறார்கள். காதுக்கு மூடி கிடையாது.

ஒரு வாரமாக ல. 4.52, 4.53, 4.52. குறையொன்றும் சொல்வதில்லை. சகித்துப் பழகிவிட்டாள், பாவம். முழங்கால் ஆறிவிட்டது.

அக்டோபர் 27, திங்கள்

காலை பதினொன்றுக்கு சசி போன். "சாரே, ஜெயிச்சு!" ஓடினேன். இரண்டு ஆட்கள் ஏணி போட்டு ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒயரைச் சுருட்டி வேனில் போட்டார்கள். மாவு மில்காரர் வெளியே வந்து கை கொடுத்தார். எவ்வளவு நாளுக்குப் பிறகு மில் சத்தம் கேட்டது! நின்று கேட்டேன்.

ல.வுக்காகச் சூடாக நேந்திரங்காய் வறுவல் வாங்கினேன். வாசலிலேயே வைத்து விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். என்ன ஒரு ஆனந்தம்.

மூன்றரைக்கு மழை பிடித்தது. அப்படி ஒரு மழை இந்த வருஷம் இல்லை. மின்சாரமும் போய்விட்டது.

4.52 ஆனது, ல. வரவில்லை. 5.05. மழை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். 5.20. போன் அடித்தேன், எடுக்கவில்லை. 5.30க்குச் சட்டத்தை மீறி ஸ்டாப்புக்கு ஓடினேன். மில் மூடிக் கிடந்தது, கரண்ட் இல்லையே. ஷெல்டரில் கல்யாணப் பெண் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தாள். வந்த மூன்று பஸ்ஸிலும் ஏறிப் பார்த்தேன்.

6.10க்கு எதிர்ப்பக்கமிருந்து ஒரு ஆட்டோ. ல. உள்ளே. தொப்பலாக நனைந்து. கையில் குடை இல்லை.

வீட்டுக்கு வந்து தலை துவட்டினேன். பல் தந்தியடித்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். மழைக்குப் பஸ்ஸின் படுதாக்கள் எல்லாம் இறக்கியிருந்தார்கள். வாசனை ஒன்றும் உள்ளே வராது. அவள் காத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். பாலத்தின் மேல் டயர் சத்தம் மாறியதும்தான் புரிந்திருக்கிறது. நீறமண்கரையில் இறங்கி, ரோட்டைக் கடக்க நின்று, ஒரு லாரி அடித்த காற்றில் குடை போய்விட்டது. குடைதான் அவளுக்குக் கைத்தடி. அப்படியே முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறாள். யாரோ ஒரு பையன் கையைப் பிடித்துக் கடத்தி ஆட்டோ ஏற்றினான்.

"ஸ்டாப்பைக் காணலை" என்றாள். "அந்தப் பொம்மனாட்டியைக் காணலை. இன்னும் வரலை, இன்னும் வரலைன்னு உக்காந்திருக்கேன். சிக்னல்லயே அவ குரல் லேசா கேக்க ஆரம்பிக்கும். பெரிசாகும். இடது காதுக்கு நேரே வந்தா எழுந்துக்கணும். சிரிக்கறப்போ வாசல்கிட்ட இருப்பேன். இந்த மூணு வாரமா அப்படித்தானே இறங்கறேன். மில்லாவது கரண்ட் போனா நின்னுடும். அவளுக்கு பாட்டரி உண்டு."

கையில் துண்டோடு நின்றேன்.

"ஆரு நிறுத்தினா அதை?"

நான்தான் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

வறுவல் பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

ல. லீவு. ஜுரம் இல்லை. ஆனாலும் லீவு.

பத்து மணிக்கு சசி வந்தான், மனுவின் நகலும் கவுன்சிலர் பதிலும் எடுத்துக்கொண்டு. நான் ஜாடை காட்டுவதற்குள் நடுக்கூடத்தில் நின்று சத்தமாக வாசித்துவிட்டான். பார்வையற்ற என் மனைவி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, கீழே இருபத்தி மூன்று கையெழுத்து, எல்லாம். "டீச்சரே, சாரின்றெ ஸ்நேகம் கண்டோ!" என்று என் அன்புக்குப் பாராட்டு வேறு.

அவன் போன பிறகு ல. கேட்டாள். "இருபத்திமூணு பேர் படிச்சாளா இதை?"

ஆமாம்.

"என்னண்ட ஒரு வார்த்தை கேட்டேளா?"

இல்லை.

அவ்வளவுதான். பிறகு சாதாரணமாகப் பேசினாள். உப்பு போதுமா, கேஸ் புக் பண்ணியாச்சா. அவள் கத்தியிருந்தால் தேவலை.

அக்டோபர் 29, புதன்

வெயில். ல. லீவு.

அவள் சௌம்யாவுடன் பேசியது காதில் விழுந்தது. "மதிடீ, போதும். நீ சொன்னதுதான் சரி. மார்ச் வரைக்கும் லீவு போட்டுடறேன். நிறைய பாக்கி கெடக்கு." சௌம்யாவுக்குச் சந்தோஷம்.

ஆட்டோ? கேட்டுப் பார்த்தேன். "ஆட்டோவிலே பொட்டலமா போய் இறங்கறதுக்கு ஆத்துலயே இருக்கலாம்."

மத்தியானம் ஒரு பெண் போன் செய்தாள், பத்தாம் வகுப்பு. "டீச்சர், நாளெ வரில்லே?" ல. பதில் சொல்லாமல் என்ன கணக்கு என்று கேட்டாள். அரை மணி நேரம் போனிலேயே நடந்தது. வைத்த பிறகு போனை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அக்டோபர் 30, வியாழன்

வெட்கத்தை விட்டுவிட்டு, ஷெல்டரைப் பார்த்துக்கொள்கிற விளம்பர ஏஜன்சிக்குப் போன் செய்தேன். ஸ்பீக்கரைத் திரும்ப வைக்க முடியுமா?

"சாரல்லே பராதி கொடுத்தது?"

புகார் கொடுத்தது நான்தான்.

"இப்போ சார் தன்னெ வேணும்னு பறயுந்நு?"

ஆமாம்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்த ஸ்பீக்கர் வேறு ஸ்டாப்புக்குப் போய்விட்டதாம். வேண்டுமென்றால் புது மனு, கவுன்சிலர் ஒப்புதலோடு. கவுன்சிலரிடம் போனேன். அந்த அம்மாள் என்னை உட்கார வைத்து மோர் கொடுத்தாள். தேர்தல் முடியட்டும் என்றாள். எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

அக்டோபர் 31, வெள்ளி

தூறல். ல.வுக்கு ஏஜன்சிக் கதையைச் சொன்னேன். மறைத்து வைக்கும் புத்தி இனி வேண்டாம் என்று. ஐந்து நாளில் முதல் முறையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் கேட்டுவிட்டேன்: "உனக்கு என்ன வேணும்? நானா யோசிச்சு எதுவும் பண்ணலை. நீ சொல்லு."

"நகராத சத்தம் ஒண்ணு வேணும். அதே இடத்துலேர்ந்து. மனுஷக் குரலா இருந்தா நல்லது, தூரத்துலேயே பிரிச்சுத் தெரியும். அவ்வளவுதான்."

நான் நின்று பேசட்டுமா என்றேன். ஆட்டோவைக்கூடக் கையைத் தட்டிக் கூப்பிடத் தெரியாதவன் நான், கூச்சம். வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"பேசத் தெரியாது உங்களுக்கு. வாசிக்கத் தெரியும்" என்றாள். "பிரஸ்ல காப்பி வாசிச்சேளே, அது பின்னே ஆரு?"

உண்மைதான். முதல் பதினாறு வருஷம் நான் காப்பி ஹோல்டர். ஒருவன் மூலத்தை உரக்க வாசிக்க வேண்டும், கமா, ஃபுல்ஸ்டாப், புது பாரா என்று ஒவ்வொரு குறியையும் சொல்லி. எதிரே இன்னொருவன் ப்ரூஃபில் சரி பார்ப்பான். பக்கத்திலேயே மிஷின்கள் ஓடும், அதற்கு மேலே கேட்க வேண்டும். வீட்டுக்கு வந்தும் தொண்டை இறங்காது. புதிதாகக் கல்யாணமான ல. காதைப் பொத்திக்கொள்வாள்.

நிபந்தனைகள் போட்டாள். எழுதிக்கொள்ளச் சொன்னாள், எழுதினேன்.

என் பேரைச் சொல்லிக் கூப்பிடக்கூடாது. டீச்சர் என்றும்.
கையைப் பிடிக்கக்கூடாது.
ஷெல்டரின் இடதுபக்கத் தூணை விட்டு நகரக்கூடாது.
கூட நடந்து வரக்கூடாது. நான் தெருவுக்குள் திரும்பின பிறகுதான் நீங்கள் கிளம்பலாம்.
என்னைப் பற்றி யாரிடமும் ஒரு வரிகூட எழுதிக் கொடுக்கக்கூடாது.

ஐந்தாவதை இரண்டு முறை சொன்னாள். இந்த நோட்டு அதில் சேருமா என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். நாளைக்குக் கேட்கிறேன்.

நவம்பர் 1, சனி

கேட்டேன். இப்படி ஒரு நோட்டு எழுதுகிறேன், உன்னைப் பற்றித்தான் முக்கால்வாசி என்று. "தெரியுமே. பேனா கரகரன்னு கேக்கறது" என்றாள். எழுதலாமாம்.

புதுக் குடை வாங்கினோம், நீளக் காம்பு, கூர் முனை. கடையில் அவள் பத்துக் குடைகளைத் தரையில் தட்டித் தட்டிச் சத்தம் பார்த்தாள். கடைக்காரன் முழித்தான்.

நவம்பர் 3, திங்கள்

காலை மூட்டம். ல. எட்டே காலுக்குப் பிந்துவோடு கிளம்பினாள். புதுக் குடையின் டொக் டொக் தெருமுனை வரை கேட்டது.

4.30க்கே தூணடியில். கையில் இன்றைய பேப்பர், தலையங்கத்தை வாசிப்பதாக ஏற்பாடு. மழை சாய்ந்து அடித்தது. படுதா இறக்கியிருப்பார்கள். 4.44க்கு ஆரம்பிக்கலாம் என்று பேப்பரைப் பிரித்தால், கண்ணாடியை வீட்டிலேயே விட்டிருக்கிறேன். எழுத்தெல்லாம் எறும்பு. திரும்பிப் போய் எடுத்து வர நேரமில்லை. தூணை விட்டு நகரவும் கூடாது.

நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடி வேண்டாத எழுத்து எதிரே எங்கும் இருந்தது. வேறு வழியில்லை.

முதல் வரி முணுமுணுப்பாகத்தான் வந்தது. ஒரு காலேஜ் பெண் திரும்பிப் பார்த்தாள். கண்ணை இறுக மூடித் திறந்து, மிஷின் ஓடுவதாக நினைத்துக்கொண்டு, பிரஸ் குரலில் எடுத்தேன். "கல்யாணப் பொன்னுக்கு, கமா, செய்கூலி இல்லை, ஆச்சரியக்குறி, நட்சத்திரம், நிபந்தனைக்கு உட்பட்டது, ஃபுல்ஸ்டாப். புது பாரா. மூலம், கமா, பௌத்திரம், கமா, ஆபரேஷன் இல்லாமல், ஃபுல்ஸ்டாப்." பலகையில் இருந்த மலையாளத்தை அப்படியே வாசித்தேன், இங்கே எழுதுவது தமிழில். ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவன், "சுவாமிக்கு எந்து பற்றி?" என்றான், எனக்கு என்ன ஆயிற்று என்று. மாவு மில்காரர் வெளியே வந்தார், பார்த்தார், அவனிடம் போய் என்னவோ சொன்னார்.

4.51. சிக்னலில் பஸ். எல்லாப் படுதாவும் இறக்கி. குரலை ஏற்றினேன். "இரு படுக்கையறை, கமா, ஆற்றைப் பார்த்த பால்கனி." தொண்டை கீறியது. பஸ் நகர்ந்தது. ஓட்டுநர் நிறுத்துவானா, ல. எழுந்துவிட்டாளா, ஒன்றும் தெரியவில்லை, படுதா. வாசித்துக்கொண்டே இருந்தேன்.

பஸ் நிற்பதற்கு முன்னாலேயே கதவடியில் ல. எழுந்து நிற்கிறாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, குடை முனையை முன்னே நீட்டி. இறங்கினாள். இரண்டு படி, பிறகு தரை. நான் நிறுத்தவில்லை. கண்ணில் தண்ணீர் வந்து பலகை கலங்கிவிட்டது, பாதி மனப்பாடத்தில் ஓட்டினேன்.

என்னைத் தாண்டித்தான் போனாள். புடவைத் தலைப்பு என் கையில் உரசுகிற தூரம். நிற்கவில்லை, திரும்பவில்லை. கையைப் பிடிக்கக்கூடாது. குடை டொக் டொக்கென்று முன்னே போனது. நான் தூணடியில் நின்று, "அட்மிஷன் தொடருகிறது, கமா, சில இடங்களே பாக்கி."

தெருமுனையில் ஒரு நிமிஷம் நின்றாள். முதுகுதான் தெரிந்தது. இடது கையைத் தலைக்கு மேலே தூக்கி, மதி, போதும் என்று காட்டினாள்.

வரி பாதியில் இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.